"சிஸ்டம் டவுன்" என்றால் என்ன நடக்கிறது? கடை கவுண்டர் முதல் எல்லை வாயில் வரை ஒரு விளக்கம்

உலு திராம்: "சிஸ்டம் டவுன்க்கா, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க." மளிகைக் கடையிலோ, கிளினிக்கிலோ, அரசாங்க அலுவலகத்திலோ இந்தப் பதிலைக் கேட்காத மலேசியர் இருக்க முடியாது. ஆனால் 'டவுன்' ஆனது எது, ஏன் ஆனது, எப்போது திரும்ப வரும் என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்கும் தெரியாது, வரிசையில் நிற்பவருக்கும் தெரியாது.

கடந்த 2025-ஆம் ஆண்டின் சில தேதிகளைப் பாருங்கள். ஜூலை 18, வெள்ளிக்கிழமை: நாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்ட ஆட்டோகேட் தானியங்கி வாயில்கள் கோளாறு கண்டன. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்கண்டார் கட்டடமும், இரண்டாம் இணைப்புப் பாலத்தின் சுல்தான் அபு பாக்கார் வளாகமும், கேஎல்ஐஏ முனையங்களும் அதில் அடங்கும். ஆகஸ்டு 31, தேசிய தினம்: 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட் வழி 100 ரிங்கிட் 'சாரா' உதவி தொடங்கிய முதல் நாளிலேயே, ஒரே நேரத்தில் கூட்டம் குவிந்ததால் கட்டண முறை திணறியது. செப்டம்பர் 30: ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்கத் தகுதியுள்ள எல்லா மலேசியர்களும் மைகாட்டைக் காட்டும் முறை முழுமையாக நடப்புக்கு வந்தது.

உலு திராம் போன்ற ஊருக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி இல்லை. விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. எல்லையைக் கடக்க ஒரு கணினிப் பதில் வேண்டும். பெட்ரோல் போட ஒரு கணினிப் பதில் வேண்டும். அரிசியும் எண்ணெயும் வாங்க ஒரு கணினிப் பதில் வேண்டும். அந்தப் பதில் வரும் இடத்துக்குப் பெயர் தரவுத்தளம்.

கார்டைச் செருகியதும் என்ன நடக்கிறது?

தரவுத்தளம் என்பதை ஒரு பெரிய கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பல அட்டவணைகள் இருக்கும். ஒன்றில் மைகாட் எண், ஒன்றில் மீதித் தொகை, ஒன்றில் கடைகளின் பட்டியல், ஒன்றில் வாங்கக்கூடிய பொருள்கள். இந்த அட்டவணைகள் ஒன்றோடொன்று எண்களால் இணைக்கப்பட்டிருக்கும். இந்த வகையைத் தொடர்புசார் தரவுத்தளம் என்கிறார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கோட் 1970-இல் முன்வைத்த கருத்து இது. வங்கி, மருத்துவமனை, குடிநுழைவு, பள்ளி என இன்றைக்கும் பெரும்பாலான இடங்களில் ஓடுவது இந்த வகைதான்.

உங்கள் கணக்கில் 100 ரிங்கிட் இருக்கிறது, 60 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்டு உங்களுடையதா, மீதி போதுமா, பொருள் பட்டியலில் உள்ளதா என்று தரவுத்தளம் பார்க்க வேண்டும். பிறகு உங்கள் கணக்கில் 60 ரிங்கிட்டைக் குறைத்து, கடைக்காரர் கணக்கில் 60 ரிங்கிட்டைச் சேர்க்க வேண்டும். குறைத்த பிறகு மின்சாரம் போய், சேர்ப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டால்? பணம் நடுவில் காணாமல் போகும்.

அப்படி ஆகாமல் இருக்க இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, எல்லாப் படிகளும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடந்திருக்கக் கூடாது. இதற்குப் பெயர் பரிவர்த்தனை. இரண்டாவது, எந்த மாற்றத்தையும் அட்டவணையில் எழுதும் முன், "இதை மாற்றப் போகிறேன்" என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், தரவுத்தளம் முதலில் அந்தக் குறிப்பேட்டைத்தான் படிக்கும். முடிந்ததை உறுதிசெய்யும், பாதியில் நின்றதை ரத்து செய்யும்.

இந்தக் குறிப்பேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் மையம்.

'சிஸ்டம் டவுன்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது மூன்று வேறு வேறு நோய்கள்: மெதுவாவது, இடம் நிரம்புவது, போன தரவை மீட்க முடியாமல் போவது. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் நோய்: ஏன் மெதுவாகிறது?

சாரா உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர். அத்தனை வரிசைகள் கொண்ட அட்டவணையில் உங்கள் மைகாட் எண்ணைத் தேட இரண்டு வழிகள் உண்டு. முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவது ஒன்று. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, வரிசைப்படுத்திய ஒரு 'இண்டெக்ஸ்' வைத்துத் தேடுவது இன்னொன்று. இண்டெக்ஸ் இருந்தால் மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டினாலே உங்கள் வரி கிடைத்துவிடும். இல்லாவிட்டால் மொத்தப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். ஆயிரம் பேர் வைத்துச் சோதிக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கோடிப் பேர் வரும்போதுதான் தெரியும். 'டெஸ்ட் பண்ணும்போது நல்லாத்தானே ஓடிச்சு' என்று சொல்லும் நிலை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது பூட்டு. ஒரே மைகாட்டை வைத்து இரண்டு இடத்தில் ஒரே நொடியில் பெட்ரோல் போட முயன்றால் என்ன ஆகும்? மாத வரம்பு இரண்டு முறை கணக்கிடப்படக் கூடாது. அதனால் ஒருவர் ஒரு வரியை மாற்றும்போது தரவுத்தளம் அந்த வரியைப் பூட்டிவிடும். மற்றவர் காத்திருக்க வேண்டும். இது அவசியமான பூட்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், யாரோ ஒருவர் பகல் நேரத்தில் ஒரு பெரிய திருத்தத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் எழுந்து போய்விட்டால், அவர் போட்ட பூட்டுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் காத்து நிற்பார்கள். சர்வர் சும்மாதான் இருக்கும். ஆனால் வெளியில் பார்த்தால் எல்லாம் நின்றுபோனது மாதிரி தெரியும்.

மூன்றாவது, வாசல். உலகெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், யாரும் அமைப்பை மாற்றாவிட்டால், ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். மைஎஸ்கியூஎல் 151. இந்த எண்ணைக் கூட்டலாம். ஆனால் கண்மூடித்தனமாகக் கூட்டினால், காஸ்வேயில் எல்லா லேனையும் திறந்துவிட்டு, பாலம் மட்டும் அதே அகலத்தில் இருப்பது மாதிரி ஆகிவிடும். நெரிசல் இடம் மாறும், குறையாது.

இதோடு இன்னொன்றும் சேரும். திரையில் பதில் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? மறுபடியும் அழுத்துவோம். காசாளரும் மறுபடி ஸ்கேன் செய்வார். ஒரு கோரிக்கை மூன்றாகும். திணறும் முறைக்கு மேலும் சுமை ஏறும். தேசிய தினம் போல எல்லோரும் ஒரே நாளில் வரும் திட்டங்களில் இது பெரிய ஆபத்து. அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் பயனாளிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்க்கிறார்கள். ரோன் 95 திட்டத்தில் முதலில் செப்டம்பர் 27-இல் காவல், இராணுவப் பணியாளர்கள், மறுநாள் ரொக்க உதவி பெறுவோர், அதன்பின் 30-ஆம் தேதி எல்லோரும் என்று பிரித்துத் தொடங்கினார்கள். படிப்படியாகத் திறந்தால் சுமையும் படிப்படியாகத்தான் ஏறும்.

சரி, மெதுவானால் நிர்வாகி என்ன செய்ய வேண்டும்? பலரும் முதலில் செய்வது சர்வரை அணைத்து மறுபடி போடுவது. சில நேரம் அது வேலை செய்யும். ஆனால் எந்தக் கேள்வி எதற்காகக் காத்திருந்தது என்ற தடயம் அதோடு அழிந்துவிடும். அடிக்கடி தேவைப்படும் தரவுகளை நினைவகத்தில் வைத்திருந்ததும் போய்விடும், அதனால் மறுபடி ஓடத் தொடங்கியதும் முன்பைவிட மெதுவாகவே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள்: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகளில் அதிக நேரம் எடுப்பது எது, அது எந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கிறது, அது இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறதா இல்லை முழு அட்டவணையையும் படிக்கிறதா. இதைச் சொல்லும் வசதி எல்லா முக்கியத் தரவுத்தளங்களிலும் இருக்கிறது. பெரிய சர்வர் வாங்குவது கடைசி மருந்து. இண்டெக்ஸ் இல்லாத குறையை விலை உயர்ந்த சர்வர் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் நோய்: இடம் நிரம்பினால் ஒரு தொழிற்சாலையே நிற்குமா?

நிற்கும். 2023 ஆகஸ்டு 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 வாகனத் தொழிற்சாலைகளும் நின்றன. முதலில் இணையத் தாக்குதலோ என்று பலர் சந்தேகித்தார்கள். டொயோட்டா பின்னர் தந்த விளக்கம் வேறு. ஆகஸ்டு 27-இல் வழக்கமான பராமரிப்பு வேலை. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. உதிரிபாகங்களுக்கான ஆர்டர்களைக் கையாளும் முறை நின்றது. மாற்று சர்வருக்குத் தாவலாம் என்றால், அதுவும் அதே அமைப்பில் இருந்ததால் அதே கோளாறு அங்கேயும் வந்தது. அதிக இடமுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் உற்பத்தி தொடர்ந்தது.

'அழித்தால் இடம் கிடைக்கும்தானே, எப்படி நிரம்பும்?' என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் அந்தக் குறிப்பேடு வருகிறது. அழிப்பதும் ஒரு மாற்றம்தான். ஒரு கோடி வரிகளை அழித்தால், அந்த ஒரு கோடி அழிப்பையும் முதலில் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதற்கு இடம் வேண்டும். அதோடு, அழித்த வரிகள் இருந்த இடத்தைப் பல தரவுத்தளங்கள் உடனே டிஸ்க்குக்குத் திருப்பித் தருவதில்லை, பின்னால் வரும் புது வரிகளுக்காக வைத்துக்கொள்கின்றன. ஆக, டிஸ்க் 99 சதவீதம் நிரம்பிய பிறகு அழிக்கத் தொடங்குவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவது போலத்தான்.

குறிப்பேடு வேறு காரணங்களாலும் வீங்கும். காப்புப்பிரதி எடுக்கும் வேலை சத்தமில்லாமல் நின்றுபோனால், பழைய பக்கங்களைக் கிழிக்கலாமா என்று தெரியாமல் சில தரவுத்தளங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். இன்னொரு ஊரில் இருக்கும் இணை சர்வரோடு தொடர்பு அறுந்தாலும் அப்படித்தான், அது வந்து படிக்கும் என்று காத்திருக்கும். ஒரு நாள் டிஸ்க் நிரம்பும். தரவுத்தளம் எழுதுவதை நிறுத்தும்.

அப்போது பதற்றத்தில் சிலர் செய்யும் காரியம்தான் பெரிய ஆபத்து. 'லாக்' என்று பெயர் போட்ட கோப்புகள் வேண்டாத குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது குப்பை இல்லை, தரவுத்தளத்தின் நினைவு. போஸ்ட்கிரெஸில் இந்தக் கோப்புறையின் பெயரில் 'லாக்' என்ற சொல் இருந்ததால் பலர் அதை அழித்துத் தரவை இழந்தார்கள். அதனால் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள்.

சின்னக் கடைகளுக்கு வேறு ஒரு எல்லை இருக்கிறது. கணக்கு, விற்பனை மென்பொருள்கள் பலவும் மைக்ரோசாஃப்டின் இலவச எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. பல ஆண்டுகளாக அதில் ஒரு தரவுத்தளத்துக்கு உச்ச அளவு 10 ஜிகாபைட். 2025 பதிப்பில்தான் அது 50 ஆனது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பழைய பதிப்பு 10-ஐத் தாண்டாது. ஐந்தாறு வருட ரசீதும் பொருள் படங்களும் சேர்ந்து ஒரு நாள் அந்த எல்லையைத் தொட்டால், கவுண்டரில் ரசீது அடிக்க முடியாது. 'வைரஸ் வந்திருக்குமோ' என்று முதலாளி பயப்படுவார். உண்மையில் புத்தகத்தின் பக்கம் தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நோய்: போனது ஏன் திரும்பி வரவில்லை?

முதல் இரண்டு நோய்களும் நேரத்தைத்தான் தின்னும். மூன்றாவது தரவையே தின்றுவிடும்.

2017 ஜனவரி 31-இல் மென்பொருள் நிறுவனமான கிட்லேப்பில் நடந்ததை உலகமே படிக்கக் காரணம், அவர்கள் ஒன்றையும் மறைக்காமல் எழுதியதுதான். இணை சர்வரைச் சரிசெய்ய அதன் கோப்புறையை அழிக்க வேண்டிய பொறியாளர், தவறுதலாக முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையைத் தட்டிவிட்டார். சில நொடிகளில் நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியது.

காப்புப்பிரதி இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திறந்து பார்த்தால் சேமிப்பு இடம் காலி. காப்பு எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் வேறாக இருந்ததால், ஒவ்வொரு முறையும் அந்த வேலை தோல்வியில் முடிந்திருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரால் நிராகரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்த ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துகளும், 700 புதுப் பயனர் கணக்குகளும் போயின.

'எங்களிடம் இரண்டு சர்வர் இருக்கே, ஒன்று போனால் இன்னொன்று' என்று சொல்பவர்கள் உண்டு. இணை சர்வர் என்பது கண்ணாடி மாதிரி. முதன்மையில் நடப்பதை அப்படியே காட்டும். முதன்மையில் ஒரு அட்டவணையை அழித்தால், அடுத்த நொடியே இணையிலும் அது அழிந்துவிடும். வன்பொருள் கெட்டால் அது உதவும். மனிதத் தவறிலிருந்தோ, பிணைப்பணம் கேட்கும் தாக்குதலிலிருந்தோ அது காப்பாற்றாது.

நம் பக்கத்து நாடுகளிலும் இந்தப் பாடம் விலை கொடுத்தே கற்கப்பட்டது. இலங்கையில் 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கோப்புகள் அரசாங்க கிளவுட்டிலிருந்து அழிந்துபோன விவகாரம் குற்றப் புலனாய்வு வரை போனது. அதே கிளவுட்டின் மின்னஞ்சல் சேவையை 2023 ஆகஸ்டு 26-இல் பிணைப்பணத் தாக்குதல் தாக்கியது. சுமார் 5,000 அரசாங்க முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான மடல்கள் திரும்பவில்லை, அந்தக் காலத்துக்குத் தனியே வெளியில் வைத்த காப்புப்பிரதி இல்லை. இந்தோனேசியாவில் 2024 ஜூனில் சுராபாயாவிலுள்ள தற்காலிகத் தேசியத் தரவு மையம் தாக்கப்பட்டபோது, விமான நிலையக் குடிநுழைவுச் சேவையே பாதிக்கப்பட்டது. அங்கிருந்த தரவில் பெரும்பகுதிக்குக் காப்புப்பிரதி இல்லை என்பதை அதிகாரிகளே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

தாக்குதலே வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்தில் தீப்பிடித்தது. 647 அரசாங்க முறைகள் நிறுத்தப்பட்டன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்துபோனது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளிக் காப்பு எடுக்கப்படவே இல்லை.

இவற்றிலிருந்து ஒரு விஷயம் தெளிவு. காப்புப்பிரதி எடுத்தீர்களா என்பது பாதிக் கேள்விதான். அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்பதே முழுக் கேள்வி. மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி, ஊதிப் பார்க்காத உயிர்காப்பு மிதவை மாதிரி.

ஜொகூரில்தான் இத்தனை தரவு மையங்கள் இருக்கின்றனவே?

கூலாய், செடெனாக், நூசாஜாயா என்று ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. அதனால் 'நம் தரவு இனி பத்திரம்' என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் தரவு மையம் தருவது மின்சாரம், குளிரூட்டல், பாதுகாப்பான கட்டடம், இணைய இணைப்பு. உள்ளே ஓடும் தரவுத்தளத்துக்கு இண்டெக்ஸ் போடுவதும், டிஸ்க்கைக் கண்காணிப்பதும், மீட்பு ஒத்திகை நடத்துவதும் வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததே சாட்சி. 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. இரண்டும் இடம் எடுத்திருந்த தரவு மையத்தில், மேம்பாட்டு வேலையின்போது குளிர்நீர் வால்வுகள் தவறாக மூடப்பட்டன. வெப்பம் ஏறியது. சரி, மாற்று மையம் இருக்கிறதே? இரு வங்கிகளும் மாற்று மையத்துக்குத் தாவின. ஆனால் ஒன்றில் வலையமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது, இன்னொன்றில் இணைப்புச் சிக்கல். முழுமையாக மீள முடியவில்லை. சுமார் 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. சம்பளம் சிங்கப்பூர் வங்கியில் விழும் ஜொகூர் வாசிகளுக்கும் அது எட்டிய செய்திதான். அடுத்த மாதமே, அவசியமற்ற கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்க டிபிஎஸ்ஸுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது.

இரண்டாவது கட்டடம் இருந்தும் பயனில்லை. ஒத்திகைதான் குறை.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வங்கிகளுக்கு ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளரைப் பாதிக்கும் முக்கிய முறைகள், திட்டமிடாமல் நிற்கும் நேரம் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு சம்பவத்துக்கு 120 நிமிடம் என்று பேங்க் நெகாரா வரம்பு வைத்திருக்கிறது.

தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் நிறுவனங்கள் தரவு மீறலை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 'மீறல்' என்பதில் தரவு திருடுபோவது மட்டுமல்ல, தரவை இழப்பதும் அடங்கும். ஆனால் இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. தனியார் கிளினிக் உங்கள் பதிவைத் தொலைத்தால் கேட்க இந்தச் சட்டம் இருக்கிறது. அரசாங்க முறை தொலைத்தால் இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது.

2024 ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும். முக்கியத் துறை அமைப்புகள் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது அனுமதியில்லாத செயல்களால் வரும் சம்பவங்களைப் பற்றி, அதாவது தாக்குதல்களைப் பற்றி. டிஸ்க் நிரம்பி நிற்பதோ, இண்டெக்ஸ் இல்லாமல் திணறுவதோ தாக்குதல் இல்லை. வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கேதான் இடைவெளி. பெட்ரோல் மானியம், உணவு உதவி, எல்லை வாயில் எல்லாம் ஒரே மைகாட்டையோ கடப்பிதழையோ நம்பி இருக்கும் காலத்தில், வங்கிக்குக் கேட்கும் அதே இரண்டு எண்களை அரசாங்க முறைகளுக்கும் கேட்பதில் தவறில்லை. எத்தனை மணி நேரத்தில் சேவை திரும்ப வர வேண்டும்? எத்தனை நிமிடத் தரவு வரை இழக்க அனுமதி? தகவல் தொழில்நுட்பத்தில் எந்தக் காப்புத் திட்டமும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.

உலு திராமில் கடையோ கிளினிக்கோ வைத்திருந்தால் என்ன செய்யலாம்?

சின்ன வணிகத்துக்கும் இது பொருந்தும். வருமான வரிக்கான பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மின்-விலைப்பட்டியல் முறையும் 2024 ஆகஸ்டிலிருந்து கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. கணினி கெட்டுப்போச்சு என்ற காரணம் வரி வாரியத்திடம் எடுபடாது.

1. மூன்று பிரதிகள் வைத்திருங்கள். இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே. 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தில் கோத்தா திங்கி எப்படி மூழ்கியது என்று இந்தப் பகுதியில் பலருக்கும் நினைவிருக்கும். கவுண்டருக்குக் கீழே இருக்கும் கணினியும், அதன் பக்கத்து இழுப்பறையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே வெள்ளத்தில் போகும்.

2. வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். பிணைப்பணத் தாக்குதல் வந்தால், இணைந்திருக்கும் எல்லாவற்றையும் பூட்டிவிடும். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

3. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்பை அப்படியே இழுத்து நகல் எடுத்தால், அது பாதி எழுதிய பக்கமாக இருக்கலாம். மென்பொருளிலேயே இருக்கும் 'பேக்கப்' வசதியைப் பயன்படுத்துங்கள்.

4. மாதம் ஒரு முறை, வேறு ஒரு கணினியில் அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். நேற்றைய கடைசி ரசீது அதில் இருக்கிறதா? மீட்க எவ்வளவு நேரம் ஆனது? அந்த நேரத்தை எழுதி வையுங்கள்.

5. தரவுத்தளம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அதன் உச்ச வரம்பு என்ன என்று மென்பொருள் விற்றவரிடம் கேளுங்கள். டிஸ்க் 80 சதவீதம் தொட்டாலே அது எச்சரிக்கை.

6. கோளாறு வந்தால் முதலில் எதையும் அழிக்காதீர்கள். திரையில் வரும் பிழைச் செய்தியைப் படம் எடுத்து, பிறகு உதவிக்குக் கூப்பிடுங்கள். புதிதாகப் பதிவிறக்கி மென்பொருளை மறுபடி நிறுவுவது, மீட்கக்கூடிய தரவின் மேல் எழுதிவிடலாம்.

அடுத்து என்ன?

கணினி முறைகள் சில நேரம் நிற்கத்தான் செய்யும். எந்த நாடும் அதிலிருந்து தப்பவில்லை. நின்ற பிறகு மக்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். கிட்லேப் ஒவ்வொரு தவறையும் எழுதி வெளியிட்டது. டொயோட்டா டிஸ்க் இடம் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. சிங்கப்பூரில் எந்த வால்வு, எந்த வங்கியில் எந்தக் கோளாறு என்பது நாடாளுமன்றத்தில் பதிவானது. அதனால் மற்றவர்கள் தங்கள் முறையைத் திறந்து பார்க்க முடிந்தது.

'தொழில்நுட்பக் கோளாறு, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற ஒரு வரி அறிக்கையிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது. மெதுவானதா, நிரம்பியதா, மீட்க முடியவில்லையா என்பதைச் சொன்னால், அடுத்த முறை அதே காரணத்துக்காக அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. உங்கள் தொகுதி மன்ற உறுப்பினரிடமோ, உங்கள் கிளினிக்கிலோ, பிள்ளைகளின் பள்ளியிலோ இதைக் கேட்கத் தொழில்நுட்பம் படித்திருக்க வேண்டியதில்லை: கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள், அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது?